அரை மணியில் சாப்பாடு

சனிக்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்கு நான் காட்டில் வழி தவறினேன். அதை வாய்விட்டு ஒப்புக்கொண்டது ஒன்றே முக்காலுக்கு.

நடுவில் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது அல்லவா... அதைப் பற்றித்தான் இந்த வாரப் பத்தி. வேறு எதையாவது எழுதித் தப்பித்துவிடலாம் என்று மூன்று நாள் பார்த்தேன். முடியவில்லை. நடந்ததற்கு ஏழு சாட்சிகள். அவர்களில் இரண்டு பேர் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்கள்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வார்த்தை. தானா ராத்தா என்கிற மலை ஊரில் இருபத்தெட்டு வருடம் புவியியல் வாத்தியாராக இருந்தேன். இந்த வருடம் ஓய்வு. ஓய்வு பெற்ற மூன்றாவது வாரமே என் மனைவி என்னை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கினாள். சமையலறை அலமாரியில் மசாலா டப்பாக்களை உயர வரிசையில் நான் அடுக்கி வைத்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பழைய நண்பன் தனபாலன் கூப்பிட்டான்.

தனபாலன் ஒரு காட்டு முகாம் நடத்துகிறான். தேயிலைத் தோட்டத்தின் கடைசி வரிசைச் செடி முடிகிற இடத்தில் காடு தொடங்கும். உள்ளே இருபது நிமிடம் நடந்தால் முகாம். எட்டுக் கூடாரம், சமையல் குசினியாக ஒரு தகரக் கொட்டகை, ஓடையிலிருந்து குழாயில் வரும் தண்ணீர். போன் சிக்னல் கிடையாது. தோட்டத்து ஆபீசோடு பேச ஒரு வாக்கி-டாக்கி உண்டு.

மழை குறைவான மாதங்களில் மட்டும்தான் திறப்பான். மற்ற மாதங்களில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் ஒவ்வொரு சீசனுக்கும் எல்லாம் முதலிலிருந்து. கூடாரத் துணியில் பூத்த பூசணத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். குழாய்க்குள் அடைத்த இலையைக் குத்தி எடுக்க வேண்டும். போன வருடம் வெட்டிய பாதை இந்த வருடம் இருக்காது. மறுபடி வெட்ட வேண்டும்.

“இந்த சீசனுக்கு ஒரு மேனேஜர் வேணும்டா,” என்றான். “நீ மேப் படிச்சவன்.”

அந்த இரண்டாவது வாக்கியத்தில் விழுந்தேன்.

முகாமில் என்னைத் தவிர இரண்டு பேர். ஒருவர் வசந்தா. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவர், புருஷன் தேயிலை ஸ்டோரில் வேலை. சீசனில் மட்டும் மேலே வந்து சமைப்பார். அவருடைய மகளுக்கு நான்தான் பாடம் எடுத்தேன்; அதனால் என்மேல் கொஞ்சம் மரியாதை வைத்திருந்தார். இன்னொருவர் அலாங். பக்கத்துச் செமாய் பழங்குடிக் கிராமத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். வழி காட்டுவது அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். நான் அவருக்கும் சேர்த்துப் பேசினேன்.

முதல் மூன்று வாரம் பிரமாதமாகப் போனது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களுக்குத் தினமும் காலையில் ஒரு சொற்பொழிவு. மண் வகைகள், மேக வகைகள், மேட்டுநிலக் காட்டின் தன்மை... அட்டை கடித்து ரத்தம் வழிய நின்றவர்களுக்குக்கூட அட்டையின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிவிட்டுத்தான் உப்பு கொடுத்தேன். கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு விசில். மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். அதை மாட்டிக்கொண்டு நடந்தால் ஒரு தோரணை வருகிறது.

சனிக்கிழமை வந்தது.

அன்று முகாமில் ஆறு விருந்தினர்கள். கிள்ளானில் காலை நடைக்குப் போகிற ஒரு குழு. அவர்களில் கமலா அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. கலகலவென்று பேசுவார். அவருடைய கணவர் சண்முகம் நேர்மாறு. வந்த இரண்டு நாளில் அவர் குரலை நான் கேட்டதே இல்லை. மனைவியின் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவார். குழுவில் இளையவள் ஷாமினி, பேங்க்கில் வேலை. மற்ற மூன்று பேரும் கமலா அம்மாவின் வயதுக்காரர்கள்.

அலாங்குக்கு வீட்டில் ஒரு விசேஷம். முதல் நாள் மாலையே கிராமத்துக்குக் கிளம்பினார். போகும்போது வசந்தாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் பசியாறும்போது வசந்தா வந்து சொன்னார். “சார், இன்னிக்கு யாரையும் உள்ள கூட்டிட்டுப் போவ வேணாமாம். உச்சிக்கு மேல மூட்டம் எறங்குமாம். அலாங் சொல்லச் சொன்னாரு.”

நான் வானத்தைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

“ஒரு மணி நேரச் சுத்துதானே வசந்தா. பத்து தடவ போயிருக்கேன்லா.”

“அலாங் கூடத்தானே சார் போனீங்க.”

அதை ஒரு கருத்தாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பதினொன்றரை மணிக்குக் கிளம்பினோம். எல்லோருடைய பைகளையும் கூடாரத்திலேயே வைக்கச் சொன்னேன். காட்டில் பாரமில்லாமல் நடப்பதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். தண்ணீர் மட்டும் போதும், திரும்பி வந்தால் வசந்தாவின் சாப்பாடு தயாராக இருக்கும் என்றேன். கமலா அம்மா தன் பையைக் கொஞ்சம் தயங்கித்தான் வைத்தார். ஒரு சின்னப் பவுச்சை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் அதற்கும் முகம் சுளித்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மூட்டம் இறங்கியது. சரியாக உச்சிக்கு மேல். பத்தடி தூரத்தில் மரம் இருக்கிறதா, இல்லையா என்று தெரியாத மூட்டம். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் அலாங் எப்போதும் எந்தப் பக்கம் திரும்புவார் என்று யோசித்தேன். அவர் திரும்பியதையே நான் கவனித்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த இடத்தில் நான் எப்போதும் பாசி வகைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன்.

இடது பக்கம் போனேன். கால் மணி நேரத்தில் பாதை காணாமல் போனது. போனை எடுத்து மேப்பைத் திறந்தேன். திரையில் பச்சை நிறம், நடுவில் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளி நான் நிற்கும்போதும் நடந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காட்டில் வழி தவறினால் என்ன செய்ய வேண்டும்? நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், கூட இருப்பவர்களிடம் உடனே சொல்ல வேண்டும், விசில் ஊத வேண்டும். இதை எழுதியது யார்? நான்தான். இதே பக்கத்தில், போன மாதம். படித்துவிட்டு ஒரு வாசகர் நன்றி சொல்லிக் கடிதம்கூட எழுதியிருந்தார்.

“சார், இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கமலா அம்மா கேட்டார்.

“கொஞ்சம் சுத்துப் பாதையில போறோம்,” என்றேன். “காடு நல்லா பாக்கலாம். அரை மணியில சாப்பாடு.”

இவ்வளவுதான் நான் சொன்னது. நான்கு வாக்கியம்கூட இல்லை. பொய் என்று எனக்கே தோன்றவில்லை; அரை மணியில் எப்படியும் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்தேன்.

கமலா அம்மா இரண்டு எட்டு பின்னால் தங்கினார். சண்முகம் அவரை மறைத்துக்கொண்டு நின்றார். என்னவோ அவசரம் போலிருக்கிறது என்று நான் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நடந்தோம். பெரணிகளை விலக்கிக்கொண்டு, வழுக்கும் வேர்களைத் தாண்டிக்கொண்டு. பேச்சை நிறுத்தினால் சந்தேகம் வந்துவிடுமே என்று நான் பேசிக்கொண்டே போனேன். குரலை உயர்த்திப் பேசினேன். ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஷாமினி நின்றாள்.

“சார், சம்பல் வாசம் வருது.”

எனக்கும் வந்தது. நெத்திலியும் மிளகாயும் எண்ணெயில் வதங்குகிற வாசனை. ஆனால் அது வந்த திசையில் முகாம் இருக்க வாய்ப்பே இல்லை என்று நீலப் புள்ளி சொன்னது.

“அது ஒரு காட்டுக் காளான்,” என்றேன். “இந்த உயரத்துல இருக்கிற சில காளானுக்கு அந்த மாதிரி வாசம் உண்டு.”

ஷாமினி என்னை மரியாதையோடு பார்த்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தேன்.

ஒன்றேகாலுக்கு ஒரு பெரிய மரத்துக்குப் பக்கத்தில் போனபோது கமலா அம்மா மெதுவாகச் சொன்னார். “இந்த மரத்த மூணாவது தடவ பாக்குறேன் சார்.”

“ஒரே இனம்மா. இந்தப் பக்கம் நெறைய இருக்கு.”

கலகலவென்று பேசுகிறவர் பேசாமல் வருகிறாரே என்று நான் நினைத்திருக்க வேண்டும். நினைத்தேன்... என் பேச்சில் லயித்துவிட்டார் என்று.

கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு வேரின்மேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த விதம் சரியில்லை. நெற்றி முழுக்க வியர்வை. அந்தக் குளிரில்.

சண்முகம் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து கையைப் பிடித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு நாளில் முதல் முறையாக அவர் குரலைக் கேட்டேன்.

“சார், இவளுக்கு இனிப்பு நீர். நீங்க அரை மணியில சாப்பாடுன்னு சொன்னீங்க. அதனால ஊசி போட்டுக்கிட்டா. போட்டா அரை மணிக்குள்ள சாப்பிடணும். மணி ஒன்னரை தாண்டிருச்சு.”

“மிட்டாய் எதாச்சும்...”

“பையில இருக்கு. நீங்க வைக்கச் சொன்ன பையில.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“கமலா, பேசு,” என்றார் மனைவியிடம். “பேரப் பிள்ளைங்க பேரச் சொல்லு.”

“கவின்...” என்றார் கமலா அம்மா. பிறகு யோசித்தார். உதடு அசைந்தது. இரண்டாவது பெயர் வரவில்லை.

இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளை முகாமுக்கும் மலைக்கும் கூட்டிப் போயிருக்கிறேன். என் வார்த்தையை நம்பி ஒருவர் உடம்பில் மருந்தை ஏற்றிக்கொண்டது இதுதான் முதல் முறை. அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. எந்தப் பக்கம் போவது என்றுகூடத் தெரியாத ஓர் ஆள், முட்டாளாகத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்ன வார்த்தை.

“எனக்கு வழி தெரியல,” என்றேன். “பன்னெண்டே காலுலேருந்தே தெரியல. மன்னிச்சிருங்க. யாருகிட்டயாவது திங்கிறதுக்கு எதாச்சும் இருக்கா? இனிப்பா?”

யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லோரும் பாக்கெட்டுகளைத் தடவினார்கள். ஷாமினி மட்டும் கொஞ்சம் வெட்கத்தோடு கால்சட்டைப் பையிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்தாள். த்ரீ-இன்-ஒன் தே தாரேக், வெந்நீரில் கலக்கும் பால் டீப் பொடி. அன்று காலையில்தான் அதைப் பற்றி அவளுக்கு ஒரு வகுப்பு எடுத்திருந்தேன். சுற்றிலும் தேயிலையை வைத்துக்கொண்டு இந்தப் பொடியைக் கலக்கிக் குடிப்பதா, இதில் பாதிக்கு மேல் சர்க்கரை அல்லவா என்று.

பாதிக்கு மேல் சர்க்கரை. கடவுளே, நன்றி.

“சார் பாத்துருவீங்கன்னு ஒளிச்சு வெச்சேன்,” என்றாள்.

இரண்டையும் பாட்டில் தண்ணீரில் கொட்டிக் குலுக்கினோம். சண்முகம் அவருடைய வாயருகில் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் கொஞ்சமா... முழுங்கு,” என்றார். கமலா அம்மா குடித்தார். அந்தக் குளிர்ந்த, கட்டி கட்டியாக மிதந்த, கேவலமான தேநீரை யாரும் அவ்வளவு கவலையோடு பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் விசிலை எடுத்தேன். மூன்று முறை ஊதினேன். பதில் இல்லை. மறுபடி மூன்று.

கீழேயிருந்து டண் டண் என்று சட்டி மூடியைக் கரண்டியால் தட்டும் சத்தம் வந்தது. ரொம்பப் பக்கத்தில். சங்கடமான அளவுக்குப் பக்கத்தில்.

எட்டு நிமிடத்தில் வசந்தா பெரணிகளை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். காலில் ரப்பர் பூட்ஸ், ஒரு கையில் பாராங் கத்தி, மறுகையில் பிளாஸ்க். கமலா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பிளாஸ்க்கில் இருந்த சீனி போட்ட மைலோவை மூடியில் ஊற்றி ஆற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“என்னா சார், இங்க நிக்கிறீங்க? குசினி அந்தா கீழதான்.”

“உனக்கு எங்க சத்தமே கேக்கலையா வசந்தா?”

“கேட்டுச்சே. ரெண்டு தடவ உங்க கொரல் கேட்டுச்சு. நல்லா சத்தமாத்தான் பேசிக்கிட்டிருந்தீங்க. பாடம் நடத்துறீங்கன்னு விட்டுட்டேன்.”

விசில் ஊதியிருந்தால் ஒரு மணிக்கே வந்திருப்பார். ஊதவில்லை. கழுத்தில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஊதினால் வழி தெரியவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும் அல்லவா? அந்த ஊரில் மொத்தம் எட்டுப் பேர்.

கால் மணி கழித்துக் கமலா அம்மாவின் முகத்தில் நிறம் திரும்பியது. கணவரைப் பார்த்தார்.

“கவின், தருண், யாழினி,” என்றார். “கடைசி பேரு நீங்கதான் எப்பவும் தப்பாச் சொல்லுவீங்க.”

சண்முகம் எழுந்து மரத்துக்கு அந்தப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. நானும்.

கமலா அம்மாவை இரண்டு பேர் தாங்கிக்கொள்ள, முகாமுக்கு இறங்கினோம். ஆறு நிமிடம் ஆனது. வசந்தா முதலில் கமலா அம்மாவுக்குச் சோறு போட்டார். நான் வாக்கி-டாக்கியில் தோட்டத்து ஆபீசைக் கூப்பிட்டு வண்டி அனுப்பச் சொன்னேன். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த ஷாமினி நெத்திலிச் சம்பலை இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள்.

“இந்தக் காளான் நல்லாருக்கு சார்,” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். கமலா அம்மாவும். அந்தச் சிரிப்பை நான் முழுமனதோடு வாங்கிக்கொண்டேன். அன்று அதைவிட மலிவாக யாரும் தப்பித்திருக்க முடியாது.

தானா ராத்தா மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் பார்த்தார். ரத்தத்தில் சர்க்கரை சரியான அளவுக்கு ஏறிவிட்டது, இருந்தாலும் சாயங்காலம் வரை இருக்கட்டும் என்றார். எழுதிக்கொண்டே கேட்டார். “சாப்பாடு உறுதியா தெரியாம ஏம்மா ஊசி போட்டீங்க?”

கமலா அம்மா கூரையைப் பார்த்தார். என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

வகுப்பில் பிள்ளைகள் செய்வது போல நான் கையைத் தூக்கினேன். “நான் சொன்னேன் டாக்டர். அரை மணியில சாப்பாடுன்னு. எனக்கு வழியே தெரியாது.”

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதையும் எழுதிக்கொண்டார்.

தனபாலன் ஈப்போவிலிருந்து ஓடிவந்தான். வராந்தாவில் நின்றபடி முழுவதையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை, காளானைக்கூட. வேலையை விட்டுவிடுகிறேன் என்று நானே ஆரம்பித்தேன். கொஞ்சம் கம்பீரமாக இருக்கும் என்று நினைத்தேன்.

“வீட்டுக்குப் போயிட்டா ஒனக்கு நல்லதாப் போயிரும்டா,” என்றான். “இன்னும் ஆறு வாரம் சீசன் இருக்கு. குசினியில வசந்தாவுக்குக் கையாள் இல்ல. அங்க போ. அலாங் இல்லாம முகாமவிட்டு காட்டுக்குள்ள ஓர் அடி எடுத்து வெக்காத. வர்றவங்க பை, மருந்து, சாப்பாட்டு நேரம் எல்லாத்தையும் நீ வாயத் தொறந்து கேக்கணும். கேட்டுட்டு அவங்க சொல்றதக் கவனிக்கணும், பேசக் கூடாது.”

அப்படித்தான் இப்போது என் வாழ்க்கை. காலை ஐந்தரைக்கு எழுந்து வெங்காயம் உரிக்கிறேன். வசந்தா ஒரு முறைதான் சொல்லிக் கொடுப்பார். ஏன் என்று கேட்டால், “செய்யிங்க சார், தெரியும்,” என்பார். அலாங் திங்கட்கிழமை திரும்பி வந்தார். விஷயத்தை வசந்தா சொல்லியிருக்க வேண்டும். பாதை பிரிகிற இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், வலது பக்கத்துப் பாறையில் யாரோ பல வருடம் முன்பு அடித்த மஞ்சள் பெயின்ட்டைக் காட்டினார். உள்ளங்கை அகலம். அதைத் தாண்டி நான் பத்து முறை போயிருக்கிறேன்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது காட்டைப் பற்றியே இல்லை. “தெரியாது” என்பது நாலெழுத்து. என் தொழிலில் அதைச் சொல்லிப் பழக்கமே இல்லை. கேள்வி கேட்டவன் வாயை மூடும்படி ஏதாவது ஒன்றைச் சொல்லியே பழகிவிட்டேன். வகுப்பில் அதனால் யாரும் மயங்கி விழவில்லை. அதுதான் என் பிரச்சினை என்று நினைக்கிறேன்... இத்தனை வருடமும் யாரும் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளான் குழு கிளம்பியது. தானா ராத்தாவில் அவர்கள் பசியாறிய கடை வாசலில் வேன் நின்றிருந்தது. காய்கறி வாங்க இறங்கிய சாக்கில் நானும் போனேன். கமலா அம்மாவிடம் மறுபடி மன்னிப்புக் கேட்டேன்.

“போதும் சார்,” என்றார். “நேத்து நீங்க சொன்னதுல அந்த ஒன்னுதான் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. வழி தெரியலன்னு சொன்னீங்க பாருங்க, அது. அதுக்கு முன்னால எல்லாம் எனக்குத்தான் புத்தி கொழம்பிப் போச்சோன்னு பயந்துக்கிட்டிருந்தேன்.”

அவர் வேனில் ஏறினார். சண்முகம் கடைசியாக நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, ரகசியம் போலக் குரலைத் தாழ்த்தினார்.

“சார், மனசுல வெச்சுக்காதீங்க. முப்பத்தெட்டு வருசமா கார் ஓட்டுறேன். வழி தப்பினா நானும் ஒரு தடவகூட இவகிட்ட சொன்னதில்ல.”

“அதெல்லாம் எனக்குத் தெரியும், ஏறுங்க,” என்றார் கமலா அம்மா ஜன்னலிலிருந்து.

சண்முகம் ஏறி டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். வேன் கிளம்பியது. வளைவில் திரும்பும்போது பார்த்தேன். முன்னால் சாய்ந்து, கையை நீட்டி, டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கிருந்து மலையிறங்கி அடுத்த ஊரான ரிங்லெட்டுக்கு இருப்பது ஒரே சாலை.